அரியலூர் எழுந்திருக்கவில்லை

காலை எட்டு ஐம்பதுக்கு ஆஃப்ராவின் திரையில் இருந்த நான்கு புள்ளிகளில் மூன்று பச்சையாக இருந்தன. பெரம்பலூர் பச்சை, வேப்பந்தட்டை பச்சை, ஜெயங்கொண்டம் பச்சை. அரியலூர் மட்டும் சிவப்பு.

அவள் பதறவில்லை. அரியலூர் ஆபீசில் எது நின்றாலும் அவள் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படுவதில்லை. இயந்திரத்துக்குக் கர்வம் கிடையாது. சொன்னதைக் கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும். அங்கே மேனேஜராக உட்கார்ந்திருக்கும் அறிவழகனிடம் இந்த மூன்று குணங்களில் ஒன்றைக்கூட அவள் இதுவரை பார்த்ததில்லை.

பொன்வயல் விதைக் கம்பெனிக்கு நான்கு ஊர்களில் ஆபீஸ். மக்காச்சோளம், பருத்தி, எள் என்று விற்கிறார்கள். எந்தப் பை எந்த வயலில் விளைந்தது, நூற்றுக்கு எத்தனை முளைக்கும், எந்தத் தேதிக்குள் விதைத்துவிட வேண்டும் என்ற விவரமெல்லாம் அந்தந்த ஆபீஸ் சர்வரில் இருக்கிறது. சர்வர் திறக்காவிட்டால் ஒரு பை விதைகூடக் கதவைத் தாண்டாது.

அந்த நான்கு சர்வர்களையும் ஆஃப்ரா லப்பைக்குடிக்காட்டில் தன் வீட்டு மாடி அறையில் இருந்தபடி பார்த்துக்கொள்கிறாள். கணவன் அன்சார் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகும் முன் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் ஒன்று, அதற்கு இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர். அவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ்.

"அரியலூர்ல இருக்கறத இங்கேருந்து எப்படிப் பாப்பே?" என்று மாமியார் ஜைனம்பு முதல் வாரத்தில் கேட்டாள். ஆஃப்ராவுக்கு அப்படி யாராவது கேட்டால் போதும், கையிலிருக்கும் காபியை மறந்துவிடுவாள். இந்த டெஸ்க்டாப் எந்த வேலையும் செய்வதில்லை, வேலை நடப்பதெல்லாம் அங்கேதான் என்று தொடங்கினாள். அங்கே திரையில் தெரிய வேண்டிய படம் இணையம் வழியாக இங்கே வருகிறது, இங்கே நான் தட்டும் எழுத்து அங்கே போய் விழுகிறது, நடுவழியில் எவனும் எட்டிப் பார்க்க முடியாதபடி முழுவதும் பூட்டுப் போட்ட ஒரு குழாய்க்குள் எல்லாம் போய் வருகிறது என்றாள். ஜைனம்பு பாதியிலேயே கையமர்த்தினாள்.

"வயக்காட்டு மோட்டார வூட்லேருந்து செல்லுல போடுறாங்களே, அது மாதிரின்னு சொல்லு."

அதேதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜைனம்புவுக்குப் புரிந்தது. தன் சொந்த வயலின் போர் மோட்டாரைத் தினமும் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தபடி செல்போனில் போட்டு, செல்போனிலேயே நிறுத்தும் அறிவழகனுக்கு மட்டும் புரியவில்லை. "வூட்டுல உக்காந்துகிட்டு சர்வரப் பாக்குதாம் அந்தப் பொண்ணு. நாங்கூட வூட்டுல உக்காந்து கிரிக்கெட் பாக்குறேன், சம்பளம் தரச் சொல்லுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதலாளி வீரமுத்துவின் மச்சினன். அதுதான் அவருடைய படிப்பு, அனுபவம், தகுதி எல்லாம்.

ஆடி மாதத்தில் அரியலூர் சர்வர் ஒருமுறை அரை நாள் நின்றது. யூபிஎஸ் என்பது கரண்ட் போனால் சர்வரை மட்டும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் பேட்டரிப் பெட்டி. அறிவழகன் அதில் டீ கெட்டிலைச் செருகியிருந்தார். நாலைந்து சர்வர் தின்னும் மின்சாரத்தை ஒரு கெட்டில் தின்றுவிடும். யூபிஎஸ் தாங்காமல் எல்லாவற்றையும் கீழே போட்டது. ஆஃப்ரா வீடியோ காலில் அதை எடுத்துச் சொன்னாள். "கெட்டிலா? எந்தக் கெட்டிலு?" என்றார் அறிவழகன், காலால் அதை மேசைக்கு அடியில் தள்ளியபடி.

வீரமுத்து தீர்ப்புச் சொன்னார். "இங்க பாரும்மா, இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வூட்டு வேலையெல்லாம் கெடையாது. டெய்லி அரியலூர் வந்து உக்காந்துரணும்."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து அரியலூருக்கு பஸ் மாறிப் போக வேண்டும். போக வர நான்கு மணி நேரம் ஆகிவிடும். மகள் மர்ஜியா பால்வாடியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவாள். முழங்கால் தேய்ந்த ஜைனம்புவால் அவள் பின்னால் ஓட முடியாது. ஆக, அரியலூர் வந்து உட்கார் என்றால் வேலையை விட்டுப் போ என்று அர்த்தம். வீரமுத்துவுக்கு அது தெரியாது. அறிவழகனுக்கு நன்றாகத் தெரியும்.

இன்றைக்கு விஜயதசமி. நேற்று மாலை நல்ல மழை வேறு. ஈரம் காய்வதற்குள் மக்காச்சோளம் போட வேண்டும் என்று ஆட்கள் விடியலிலேயே வண்டி கட்டியிருப்பார்கள்.

ஆஃப்ரா பில் போடும் ஜெயசித்ராவைக் கூப்பிட்டாள்.

"சர்வர்ல லைட்டு எரியுதா பாரு ஜெயா."

"ரூமு பூட்டியிருக்குக்கா. சாவி சாருகிட்ட. கண்ணாடி வழியாப் பாத்தேன், லைட்டு எரியுது, ஃபேன் ஓடுற சத்தமும் கேக்குது. நேத்து பூசைக்கு ஆஃப் பண்ணி வெச்சிருந்தாரு. காலைல மறுபூசை பண்ணிட்டு ஆன் பண்ணாரு. அப்போலேருந்து இப்படித்தான். வாசல்ல இருவது பேரு நிக்கிறாங்க."

"எப்படி ஆஃப் பண்ணாரு?"

"யூபிஎஸ்ஸயும் நிறுத்திட்டு மெயின் சுவிட்ச இறக்கிட்டாருக்கா."

ஆஃப்ரா கண்ணை மூடித் திறந்தாள். இரண்டு நாளைக்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள். சர்வரை அணைக்க வேண்டாம், அணைத்தே ஆக வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், நான் இங்கிருந்தே முறையாகத் தூங்க வைக்கிறேன் என்று. "ஆயுதத்துக்கு ஒரு நாளு ரெஸ்ட்டு வேணும்ங்க. உங்க பக்கம் இதெல்லாம் கெடையாது, விடுங்க" என்றார் அவர். பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் ஆயுத பூசைப் பொரி தின்று வளர்ந்தவளிடம்.

விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனால் பேச்சு மூச்சு இல்லை. அப்படியென்றால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அநேகமாகத் தெரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினால் சர்வர் மறுபடி எழும்போது தன் உடம்பை ஒருமுறை தடவிப் பார்க்கும். ஏதாவது சந்தேகம் இருந்தால் பாதியில் நின்று, "இப்படி ஒரு குறை தெரிகிறது, மேலே போகலாமா?" என்று கேட்கும். போகலாம் என்றால் கீபோர்டில் எஃப்-ஒன் விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை அது தன் சொந்தத் திரையில் கேட்கும். அரியலூர் சர்வருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. இருட்டறையில் தனியாக நின்றுகொண்டு யாருக்கும் கேட்காமல் ஒரே கேள்வியை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும், பாவம்.

இந்த இடத்துக்காகவே சர்வரைச் செய்தவர்கள் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆஃப்ராவுக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த பொருள்களில் அது ஒன்று. பெரிய கணினியின் வயிற்றுக்குள் தனியாக ஒரு குட்டிக் கணினி. பெரியது செத்தாலும், தூங்கினாலும், மயங்கிக் கிடந்தாலும் கரண்ட் இருக்கும்வரை குட்டி விழித்திருக்கும். பெரியதன் திரையை அதனால் பார்க்க முடியும், பெரியதன் கீபோர்டாக நடிக்கவும் முடியும். யார் எப்போது எதை அணைத்தார்கள் என்று நாட்குறிப்பும் எழுதும். அதற்கென்று பின்பக்கம் ஒரு தனித் துளை, தனிக் கேபிள். அந்தக் கேபிள் வழியாக ஆஃப்ரா போய், கேள்வியைப் படித்து, எஃப்-ஒன்னைத் தட்டிவிட்டு வரலாம். இரண்டு நிமிட வேலை.

அவள் குட்டியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். இல்லை. ஆபீஸ் இணையம் போயிருக்குமோ என்று ஜெயசித்ராவின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டாள். அது உடனே பதில் சொன்னது. இணையம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, குட்டியை மட்டும் காணோம். சாலை சரியாக இருந்து, வீட்டில் விளக்கும் எரிந்து, தட்டினால் கதவு திறக்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஒன்றுதான் பாக்கி. கேபிள்.

அறிவழகனுக்குப் போன் போட்டாள். ஏழாவது முறை மணி அடித்ததும் எடுத்தார்.

"என்னங்க, வூட்டுல இருந்தே கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"சார், சர்வர் பின்னாடி மஞ்சக் கேபிள் ஒண்ணு இருக்கும். அது மாட்டியிருக்கான்னு பாக்கணும்."

"எல்லாம் இருந்தது இருந்தபடியேதான் இருக்கு. யாரும் தொடல."

"ஒரு தடவ ரூமத் தொறந்து பாருங்க சார். இல்லேன்னா ஜெயாகிட்ட சாவியக் குடுங்க. ஒரு மானிட்டரும் கீபோர்டும் எடுத்துட்டுப் போயி மாட்டுனாக்கூடப் போதும், ஒரே ஒரு கீயத் தட்டணும்."

"கண்டவங்க கைய வெக்கக் கூடாதுங்க. திருச்சிலேருந்து இன்ஜினீயர வரச் சொல்லியிருக்கேன், மூணு மணிக்கு வருவாரு. நீங்க கண்டதையும் நோண்டிதான் இப்படி ஆயிருக்குன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன். மாமா வந்துகிட்டே இருக்காரு." சிரித்தபடி சேர்த்தார்: "பஸ் டைம்லாம் விசாரிச்சு வெச்சுக்கங்க."

வைத்துவிட்டார்.

ஆஃப்ராவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் தீரும் காரியத்துக்கு இருபது விவசாயிகளை மதியம் மூன்று மணிவரை வாசலில் காய வைத்து, அதற்குத் திருச்சியிலிருந்து ஆளும் வரவழைத்து, அதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறது ஒரு தலை. அந்தத் தலைக்குள் இருப்பதைவிட அவள் வீட்டு மிக்சியில் புத்தி அதிகம். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மிக்சிகூட ஓடாது.

ஆனால் மிக்சியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சாது. கேபிள் இல்லை என்பது தெரியும். எங்கே போனது என்பதைக் காட்ட வேண்டும். யாரும் தொடவில்லை என்பது மச்சினன் வாக்கு. அதை வெறும் வாயால் வெல்ல முடியாது.

நேற்று பூசையில் அந்த அறையில் என்னென்ன நடந்திருக்கும் என்று பார்க்க, கம்பெனியின் வாட்சப் குழுவைத் திறந்தாள். அறிவழகன் நேற்று ஒரே மூச்சில் முப்பத்தேழு படம் போட்டிருந்தார். சர்வருக்குச் சந்தனம் வைக்கும் அறிவழகன். பிரிண்டருக்கு மாலை போடும் அறிவழகன். எடை மெஷினுக்குச் சூடம் காட்டும் அறிவழகன். சந்தனம் காற்றுத் துளையில் ஒழுகியிருந்தது. அதைப் பார்த்து ஒருமுறை பல்லைக் கடித்துவிட்டு மேலே தள்ளினாள்.

இருபத்தொன்பதாவது படத்தில் அறிவழகன் பட்டு வேட்டியில், வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றார். இரண்டு பக்கமும் ஆளுயர வாழைக்கன்று. இடப்பக்கக் கன்று தேங்காய்நார்க் கயிற்றில் தூணோடு கட்டியிருந்தது. வலப்பக்கக் கன்று மஞ்சள் நிறக் கயிற்றில் கட்டியிருந்தது.

ஆஃப்ரா படத்தைப் பெரிதாக்கினாள்.

கயிற்றின் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் முனை வெயிலில் மின்னியது. அதற்கு ஒரு சாண் தள்ளி வெள்ளை டேப் சுற்றியிருந்தது. சித்திரையில் ஒரே ஒருமுறை அரியலூருக்குப் போனபோது அவளே சுற்றியது. அதில் அவள் கையெழுத்தில் 'சர்வர் – கழற்றக் கூடாது' என்று இருந்தது. எழுத்து தெளிவாகத் தெரிந்தது, அறிவழகனின் காதோரம்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். ஒரு மனிதன் ஒரு பொருளைப் பிடுங்கி, முடிச்சுப் போட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, தன் கையாலேயே ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் யாரும் தொடவில்லை என்கிறான். பொய் சொல்லவில்லை. தொட்டது என்ன என்றே அவனுக்குத் தெரியாது. பொய்யனாக இருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம்.

ஒன்பதரைக்கு ஜெயசித்ரா மெதுவான குரலில் கூப்பிட்டாள். "ஐயா வந்துட்டாருக்கா. செம கோவம்."

"ஸ்பீக்கர்ல போட்டு அவரு கையில குடு."

வீரமுத்து எடுத்ததும் கத்தினார். "ஏம்மா, நான் ஆடியிலேயே சொன்னனா இல்லியா? வாசல்ல அத்தன பேரு நிக்கிறாங்க. மாந்தோப்பூர் ஆளுங்க திரும்பியே போயிட்டாங்க. நாளைலேருந்து—"

"ஐயா, நாளைலேருந்து என்னன்னு பத்து நிமிசம் கழிச்சு சொல்லுங்க. இப்போ போனக் கையில வெச்சுகிட்டே வாசலுக்கு வாங்க."

"வாசலுக்கு எதுக்கு?"

"சர்வர் அங்கதான் ரிப்பேரா இருக்கு."

காலடிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே அறிவழகனின் குரல்: "மாமா, அது என்னமோ சொல்லுதுன்னு நீங்க ஏன் மாமா—"

"வந்துட்டேன். சொல்லு."

"வலப்பக்க வாழக்கன்னப் பாருங்க. என்னத்துல கட்டியிருக்கு?"

வாழை இலையை விலக்கும் சத்தம் கேட்டது.

"மஞ்சக் கயிறு."

"கயிறு இல்லீங்கய்யா. நுனியப் பாருங்க. வெள்ள டேப்புல எழுதியிருக்கறத சத்தமாப் படிங்க."

வீரமுத்து படித்தார். சத்தமாகத்தான் படித்தார். வாசலில் நின்ற ஒருவர் "என்ன சர்வர், வாழையில காய்க்குதா?" என்று கேட்க, இன்னும் நாலு பேர் சிரித்தது லப்பைக்குடிக்காடு வரை கேட்டது.

"ஏன்டா மாப்ள, இது என்னாடா?"

"கயிறு ஒரு பக்கத்துக்குத்தான் மாமா இருந்துச்சு. கடையெல்லாம் சாத்திட்டான். அந்த வயரு சும்மாதான் தொங்கிட்டு இருந்துச்சு, ஒண்ணுக்கும் ஆவாத வயருன்னு..."

"ஒண்ணுக்கும் ஆவாதத எழுதி ஒட்டுவாங்களாடா?"

முடிச்சை அவிழ்க்கவே ஐந்து நிமிடம் ஆனது. அந்த மாதிரிக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். இறுக்கி முடிந்ததில் இரண்டொன்று அறுந்திருந்தாலும் சரியான நான்கு பிழைத்திருந்தால் போதும், மெதுவாகவாவது பேசிவிடும். ஆஃப்ரா அதற்குத்தான் வேண்டிக்கொண்டாள். அறையைத் திறந்தார்கள். ஜெயசித்ரா ஒரு முனையை இணையப் பெட்டியில் செருகிவிட்டு, சர்வரின் துளையைக் கண்டுபிடித்து மறுமுனையைச் செருகினாள். நிற்கவில்லை. பிடுங்கிய வேகத்தில் முனையின் சின்னக் கொக்கி உடைந்திருந்தது. கையை எடுத்தால் கழன்று விழுந்தது.

"யாராவது புடிச்சுக்கணும்க்கா."

"நீ பில்லுக்கு ரெடியா கம்ப்யூட்டருக்குப் போ ஜெயா. சார் புடிச்சுக்குவாரு."

வீரமுத்து மச்சினனைப் பார்த்திருப்பார். பட்டு வேட்டி சரசரத்தது. சர்வருக்குப் பின்னால் சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான். அதற்குள் நேற்றைய பொரியையும் பூவையும் மிதித்துக்கொண்டு அறிவழகன் குந்தி உட்கார்ந்து கேபிளை அழுத்திப் பிடித்தார்.

குட்டி பதில் சொன்னது.

ஆஃப்ராவின் இரண்டாவது மானிட்டரில் கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்தில், அவள் நினைத்தபடியே, ஒரு கேள்வி. விவரம் எழுதி வைக்கும் இரண்டு வட்டுகளில் ஒன்று பின்தங்கியிருக்கிறது, மற்றதை வைத்துத் தொடரலாமா? ஒன்றின் நகலே மற்றது என்பதால் தொடரலாம். எஃப்-ஒன்னைத் தட்டினாள். லப்பைக்குடிக்காட்டில் விசை கீழே போனது, அரியலூரில் சர்வர் மேலே வந்தது. நாலாவது நிமிடத்தில் சிவப்புப் புள்ளி பச்சையானது. ஜெயசித்ரா முதல் ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

"ஆயிடுச்சா? கைய எடுக்கலாமா?" என்று ரேக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எடுக்கலாம். சர்வர் எழுந்த பிறகு குட்டியின் கேபிள் உடனடியாகத் தேவையில்லை, அதன் நாட்குறிப்பையும் அவள் அதற்குள் தன் பக்கம் எடுத்து வைத்துவிட்டாள்.

"எடுத்துராதீங்க சார். ஐயாகிட்ட இன்னொண்ணு படிச்சுக் காட்டணும்."

குட்டியின் நாட்குறிப்பை அவள் நிதானமாக, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நேற்று காலை பத்து பன்னிரண்டு, கேபிள் பிடுங்கப்பட்டது. பத்து நாற்பது, மின்சாரம் திடீரென்று போனது. இன்று காலை ஏழு ஐம்பது, மின்சாரம் வந்தது, பட்டன் அழுத்தப்பட்டது. ஏழு ஐம்பத்தொன்று, எட்டு இரண்டு, எட்டு ஐந்து, மறுபடி மறுபடி பட்டன். எந்த வரியிலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்ததாக இல்லை. பதினைந்து நிமிடம் ஆயிற்று. அறிவழகனின் மூச்சு வாங்கும் சத்தம் அவ்வப்போது கேட்டது. இவ்வளவு நாளில் அவர் அந்த ஆபீசுக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தப் பதினைந்து நிமிடம்தான் என்று ஆஃப்ரா நினைத்தாள். அதற்கும் தேவை இருக்கவில்லை.

"சரிம்மா, விடு" என்றார் வீரமுத்து. குரல் இறங்கியிருந்தது. "பூசைல ஏதோ தெரியாம நடந்துபோச்சு. நீ வூட்லேருந்தே பாரு. இனிமே அந்தப் பேச்சு இல்ல."

"எழுத்துல குடுங்கய்யா."

"என் வாய்வார்த்தை போதாதா?"

"ஆடி மாசம் உங்க வாய்வார்த்தைலதான் என் வேலை போகப் பாத்துச்சு. லெட்டர்பேடுல வேணும். நான் லப்பைக்குடிக்காட்டுல இருந்துதான் வேலை பாப்பேன், சர்வர் ரூம் சாவி ஜெயாகிட்ட இருக்கும். இந்த ரெண்டும்."

வீரமுத்து கொஞ்சம் யோசித்தார். வாசலில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். மூன்று மணிக்குத் திருச்சிக்காரர் வேறு வந்து பில் நீட்டுவார். "அறிவு, எந்திரிச்சு வாடா. லெட்டர நீயே அடி. உன் கையால அடி" என்றார்.

அறிவழகனின் கம்ப்யூட்டரில் கடிதத் தாள் திறக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆஃப்ரா அவருடைய திரைக்குள் வர அனுமதி கேட்டாள். அவர் ஒரு நிமிடம் தேடி, சம்மதம் என்ற இடத்தில் அழுத்தினார். அவளே கடிதத் தாளை எடுத்து வைத்து, தமிழ் எழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். "அடிங்க சார்."

அவர் ஒற்றை விரலால் அடித்தார். ஒரு எழுத்து வந்தது. நெடுநேரம் எதுவும் இல்லை. இன்னொன்று வந்தது. அது தப்பு என்று அழித்தார், அதோடு சரியாக இருந்த முன் எழுத்தும் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து. ஆஃப்ராவின் மவுஸ் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் தொட்டால் இரண்டு நிமிடத்தில் கடிதம் முடிந்துவிடும்.

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

விஜயதசமிச் சேர்க்கைக்காகத் திறந்திருந்த பால்வாடியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு மர்ஜியா பையோடு படியேறி வந்து மடியில் தொற்றிக்கொண்டாள். திரையில் 'திருமதி ஆஃப்ரா அவர்கள் தமது இல்லத்தில்' என்பது வரை வந்து நின்றிருந்தது.

"என்னம்மா பாக்குற?"

"அரியலூர்ல ஒருத்தரு வேலை பாக்குறாருடா. அதைத்தான் பாத்துகிட்டு இருக்கேன்."

குழந்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. 'இருந்' என்று வந்தது. ந் அழிந்தது. நெடுநேரம் கழித்து ந் மறுபடி வந்தது.

"ஒண்ணுமே நடக்கலியே" என்றாள் மர்ஜியா.

"ஆமாண்டா. அப்படித்தான்" என்று சொல்லி, ஆஃப்ரா அவளுக்குச் சோறு போட எழுந்து போனாள். திரையை அணைக்கவில்லை.